துடிப்பு திரும்பிய பிறகு: இதய நிறுத்தத்திலிருந்து மீண்டவருக்கான மருத்துவமனைப் பராமரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்றுபோன இதயம், நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் முதலுதவியாலும் மின் அதிர்ச்சியாலும் மீண்டும் துடிக்கத் தொடங்கியதும் சுற்றி நிற்கும் எல்லாருக்கும் உயிர் வந்ததுபோல் இருக்கும். ஆனால் அப்படித் துடிப்பு திரும்பி, நினைவு திரும்பாமல் ஐசியூவுக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில், ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் காப்பாற்றப் புது மருந்தோ புதுக் கருவியோ தேவையில்லை. கையிலிருக்கும் சாதாரண சிகிச்சைகளை விடுபடாமல் செய்வதும், அவசரப்பட்டுக் கைவிடாமல் இருப்பதும் போதும். இதை நான் உறுதியாக நம்புகிறேன். செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், நிர்வாகிகள், ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தினர் என்று பலரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

துடிப்பு திரும்பிவிட்டதே, இனி ஆபத்து இல்லைதானே?

முதல் கண்டம் தாண்டியாயிற்று, அவ்வளவுதான். இதயம் நின்ற பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு போய்விடுகிறது. சில நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்குகின்றன. ரத்தம் மீண்டும் பாயும்போது அந்தச் சேதம் நின்றுவிடுவதில்லை. செல்களுக்குள் கால்சியம் பெருகுகிறது, ஆக்சிஜன் திரும்ப வரும்போதே நச்சு மூலக்கூறுகள் உருவாகின்றன, உடல் முழுவதும் அழற்சி பரவுகிறது. இப்படி இரண்டாவது சுற்றுச் சேதம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்கிறது. சோவியத் மருத்துவர் விளாதிமிர் நெகோவ்ஸ்கி 1970-களிலேயே இதைத் தனி நோயாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மூளைக் காயம் ஒன்று. இதயத் தசை தற்காலிகமாகச் சோர்ந்துபோவது இன்னொன்று; இது பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தெளியும். மூன்றாவது, உடல் முழுவதுமான அழற்சி. நான்காவது, இதயத்தை நிறுத்திய மூல காரணம். அது இன்னும் உள்ளேயே இருக்கிறது, கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் இதயம் மறுபடியும் நிற்கலாம். முதல் ஒன்றிரண்டு நாட்களில் நேரும் மரணங்களுக்குப் பெரும்பாலும் ரத்த ஓட்டம் சரிவதே காரணம். அதற்குப் பிறகு நேருபவற்றுக்கு மூளைக் காயம் காரணம்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றுதானா?

இல்லை. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டுதான் இருப்பார். இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுபோகிறது. ஆள் அப்படியே சரிந்துவிடுவார். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் போய் முடியலாம். ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி, மூச்சுத்திணறல், பொட்டாசியம் ஏறுவது, விஷம், மூளைக்குள் ரத்தக் கசிவு என்று வேறு பல வழிகளிலும் இதயம் நிற்கும்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஐசியூ குழு எதைக் கவனிக்க வேண்டும்?

சுவாசக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலைவடிவம் மானிட்டரில் தெரிய வேண்டும். பிறகு தமனி ரத்தப் பரிசோதனை, பன்னிரண்டு முனை இசிஜி, எக்கோ. இசிஜி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. துடிப்பு திரும்பிய முதல் சில நிமிடங்களில் எடுக்கும் இசிஜி, இல்லாத மாரடைப்பை இருப்பதுபோலக் காட்டக்கூடும். எட்டு நிமிடமாவது கழித்து எடுத்தால் அந்தத் தவறு வெகுவாகக் குறைகிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் இசிஜியில் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுங்கள்.

காரணம் தெரியாவிட்டால் தலை முதல் இடுப்பு வரை சிடி எடுப்பது பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. மூளை ரத்தக் கசிவு இருப்பவருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் இதன் அவசியம் புரியும். விலா எலும்பு முறிவு, கல்லீரல் கிழிசல் போன்ற சிபிஆரின் பக்கவிளைவுகளும் அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, வீட்டாரிடம் பேசுவது. விழுவதற்கு முன் நெஞ்சு வலித்ததா, மூச்சு வாங்கியதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஐந்து நிமிடப் பேச்சில் கிடைக்கும் இந்தத் தகவல் பல நேரம் ஸ்கேனைவிட வேகமாகக் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் நல்லதுதானே?

அளவுக்கு மிஞ்சினால் நல்லதில்லை, அவசரப்பட்டுக் குறைத்தாலும் நல்லதில்லை. துடிப்பு திரும்பியதும் 100 சதவீத ஆக்சிஜனோடு தொடங்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை நம்பும்படி அளக்க முடிந்த பிறகே மெதுவாகக் குறைத்து, செறிவை 94-க்கும் 98-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸிலேயே 90–94 என்று குறைத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. குறைத்த குழுவில் 38.3 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், குறைக்காத குழுவில் 47.9 சதவீதம் பேர். அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை தெளிவாகவே இருக்கிறது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருமையான தோல் உள்ளவர்களிடம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். கை குளிர்ந்து கிடந்தால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாது. ஆகவே தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு 35–45 மி.மீ. பாதரச அளவில் இருக்கட்டும். பதற்றத்தில், நோயாளிக்குக் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை வேகவேகமாக அழுத்துவது மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். துடிப்பு திரும்பிய மகிழ்ச்சியில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

ரத்த அழுத்தத்தை எந்த அளவில் வைப்பது?

சராசரி ரத்த அழுத்தம் (மேல், கீழ் அழுத்தங்களிலிருந்து கணக்கிடுவது) 60–65 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. சிறுநீர் போதுமான அளவு பிரிய வேண்டும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் குறைந்துகொண்டே வர வேண்டும். அழுத்தத்தை இன்னும் உயர்த்தினால் மூளைக்கு நல்லதா என்று டென்மார்க்கில் 789 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கு 63, இன்னொரு குழுவுக்கு 77. 2022-இல் வந்த முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

என் கவலை இலக்கைப் பற்றியது அல்ல, அளவீட்டைப் பற்றியது. கையில் செருகிய தமனிக் குழாயோடு இணைந்து அழுத்தத்தை அளக்கும் உணரியான டிரான்ஸ்டியூசர், நோயாளியின் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கவோ புரட்டிப் படுக்க வைக்கவோ கட்டிலை உயர்த்துவோம். டிரான்ஸ்டியூசர் கம்பத்திலேயே பழைய உயரத்தில் நிற்கும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மானிட்டரில் அழுத்தம் 7 மி.மீ. கூடுதலாகத் தெரியும். அப்போது 66 என்று காட்டுவது உண்மையில் 59. யாரும் கவனிக்காமல் ஒரு ஷிப்ட் முழுக்க மூளைக்கு ரத்தம் குறைவாகப் போய்க்கொண்டிருக்கும். கட்டில் அசைந்தால் டிரான்ஸ்டியூசரைப் பார், பிறகு அளவைப் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய் என்ற பழக்கம் செவிலியர் கைக்கு வந்துவிட்டால் போதும்.

உடலைக் குளிர்விக்க வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

இதுதான் இந்தத் துறையில் அதிகம் மாறிய விஷயம், கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 2002-இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஐரோப்பிய ஆய்வில் நோயாளிகளை 32–34 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். மூளை நன்றாக மீண்டவர்கள் குளிர்வித்த குழுவில் 55 சதவீதம், மற்றக் குழுவில் 39 சதவீதம். மெல்போர்னில் நடந்த சிறிய ஆய்வில் 49-க்கு 26. உலகம் முழுக்க ஐசியூக்களில் பனிக்கட்டிப் பைகளும் குளிர் போர்வைகளும் வந்துசேர்ந்தது இதற்குப் பிறகுதான்.

அடுத்த பத்தாண்டில் கேள்விகள் எழுந்தன. குளிர்விக்காத குழுவில் பலருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. அப்படியானால் நன்மை செய்தது குளிரா, காய்ச்சல் இல்லாமையா? 2013-இல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021-இல் 14 நாடுகளில் ஏறத்தாழ 1,900 பேரைச் சேர்த்து, ஒரு பாதியை 33 டிகிரியில் வைத்தார்கள், மறு பாதிக்குக் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 50 சதவீதம், 48 சதவீதம். குளிர்வித்தவர்களிடம் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும் துடிப்புக் கோளாறு மட்டும் கூடுதலாக இருந்தது: 24-க்கு 17 சதவீதம். நடுவில் 2019-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு, மின் அதிர்ச்சி தேவைப்படாத வகை இதய நிறுத்தத்தில் 33 டிகிரி கொஞ்சம் உதவியதாகக் காட்டியது: மூளை நன்றாக மீண்டவர்கள் 10.2-க்கு 5.7 சதவீதம். விவாதம் முற்றிலும் முடிந்துவிடவில்லை.

இன்றைய வழிகாட்டுதல்கள் ஒன்றுபடும் இடம் இது: கண் திறக்காமல் கிடக்கும் நோயாளியின் உடல் வெப்பம் குறைந்தது 36 மணி நேரத்துக்கு 37.5 டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆம்புலன்ஸில் குளிர்ந்த சலைன் ஏற்றுவதை விட்டுவிட வேண்டும். 2014-இல் 1,359 பேரிடம் செய்து பார்த்ததில் பலன் இல்லை. இதயம் மறுபடி நிற்பதும் நுரையீரலில் நீர் கோப்பதும்தான் கூடின.

அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா?

2021-க்குப் பிறகு பல இடங்களில் நடந்த விபரீதம் இதுதான். குளிர்விக்கத் தேவையில்லை என்ற செய்தி, வெப்பத்தைக் கண்காணிக்கவே தேவையில்லை என்று புரிந்துகொள்ளப்பட்டது. அந்த ஆய்வில் குளிர்விக்காத குழுவிலேயே 46 சதவீதம் பேருக்குக் காய்ச்சலைத் தடுக்கக் கருவி தேவைப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 37.2 காட்டுகிறது என்று வையுங்கள். சிறுநீர்ப்பைக்குள் இருக்கும் உணரியில் பார்த்தால் 38.1. அக்குளை நம்பி விட்டிருந்தால் விடியும்வரை மூளை சூட்டிலேயே கிடந்திருக்கும். அதனால் உள்வெப்பத்தை உணவுக்குழாய் வழியாகவோ சிறுநீர்ப்பை வழியாகவோ தொடர்ந்து அளக்க வேண்டும். 37.5-ஐ நெருங்கும்போதே பாராசிட்டமால், போர்வையை விலக்குவது, குளிர் திண்டு, தேவைப்பட்டால் தானாக வெப்பத்தைச் சீராக்கும் கருவி என்று படிப்படியாகப் போக வேண்டும். நடுக்கம் வந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நடுங்கும் உடல் கூடுதல் ஆக்சிஜனை எரிக்கும், நாம் குறைத்த வெப்பத்தையும் திரும்ப ஏற்றிவிடும். கருவியை நிறுத்தியதும் வெப்பம் துள்ளி ஏறுவதும் வழக்கம், அந்த மணி நேரங்களில் இன்னும் விழிப்பு வேண்டும். வெப்பத்தை எப்போது அளப்பது, எந்த எண்ணில் யார் என்ன செய்வது என்று கட்டிலருகில் ஒரு தாளில் ஒட்டி வைத்திருக்கும் ஐசியூவையே நான் நம்புவேன்.

எல்லாருக்கும் உடனே ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டுமா?

இசிஜியில் தெளிவான மாரடைப்பு மாற்றம் இருந்தால் உடனே செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் நிலைக்காமல், இதயமே காரணம் என்று தோன்றினாலும் அப்படியே. அப்படி இல்லாதவர்களுக்குக் காத்திருக்கலாம். 2019-இல் நெதர்லாந்து ஆய்வில் உடனே செய்தவர்களில் 64.5 சதவீதமும் காத்திருந்து செய்தவர்களில் 67.2 சதவீதமும் 90 நாளில் உயிரோடு இருந்தார்கள். 2021-இல் வந்த இன்னொரு ஆய்வும் இதையே உறுதிசெய்தது. முதலில் சிடி, எக்கோ, உடல்நிலையை நிலைப்படுத்துவது என்று போவதில் நோயாளிக்கு நஷ்டம் இல்லை.

கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வலிப்பா?

வலிப்பாக இருக்கலாம், வெறும் தசைத் துள்ளலாகவும் இருக்கலாம். மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி இல்லாமல் சொல்ல முடியாது. மறுபக்கம், உடம்பு அசையாமலே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், தசையைத் தளர்த்தும் மருந்து போட்டிருந்தால் அது வெளியே தெரியவே தெரியாது. வலிப்பு உறுதியானால் லெவெட்டிரசிட்டாம் அல்லது வால்புரோயேட் முதலில் கொடுக்கப்படும். வலிப்பு இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கையாக வலிப்பு மருந்து கொடுப்பதில் பலன் இல்லை.

தசைத் துள்ளலைக் கண்டதும் நம்பிக்கையை விட்டுவிடக்கூடாது. நினைவு தெளிந்தபின் கையை நீட்டும்போது மட்டும் துள்ளும் ஒரு வகை உண்டு, லான்ஸ்–ஆடம்ஸ் என்று பெயர். அந்த நோயாளிகள் பேசுவார்கள், யோசிப்பார்கள், மருந்தோடு வாழ்க்கைக்குத் திரும்புவார்கள்.

சர்க்கரை, நிமோனியா, மற்றவை?

ரத்தச் சர்க்கரையை 140–180 மி.கி. அளவில் வைத்தால் போதும். 70-க்குக் கீழே இறங்குவது மூளைக்குக் கூடுதல் அடி. சுயநினைவு இல்லாமல் விழுந்தவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே நிமோனியாவைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் ஆரம்பகட்ட நிமோனியா 34-இலிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது, இறப்பு மாறவில்லை. தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்துவது, வாய்ச் சுத்தம், படுக்கைப்புண் தடுப்பு, மூக்குக் குழாய் வழி உணவு ஆகியவை எந்த ஐசியூ நோயாளிக்கும் போலத்தான்.

முதல் நாளே “மூளை போய்விட்டது, இனி பயனில்லை” என்கிறார்கள். நம்பலாமா?

முதல் நாளில் அப்படிச் சொல்ல மிக அரிதான சூழல்களைத் தவிர யாருக்கும் ஆதாரம் இருக்காது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நோயாளிக்கு மயக்க மருந்து ஓடுகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் சோர்ந்திருப்பதால் மிடாசோலம் போன்ற மருந்து நாள்கணக்கில் உடலில் தங்குகிறது, ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறது. இந்த நிலையில் கண் திறக்காததும் கை அசையாததும் மூளையின் நிலையைச் சொல்வதில்லை.

வட அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2016-இல் வந்த ஓர் ஆய்வு, மூளை மீளாது என்று கருதி 72 மணி நேரத்துக்குள் உயிர்காக்கும் சிகிச்சை நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்தது. மருத்துவமனையில் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள்தான். சிகிச்சையைத் தொடர்ந்திருந்தால் அவர்களில் ஏறத்தாழ 26 சதவீதம் பேர் பிழைத்திருக்கலாம், 16 சதவீதம் பேர் நல்ல நிலையிலேயே மீண்டிருக்கலாம் என்று அது கணக்கிட்டது. மீளமாட்டார் என்று நாம் முடிவெடுத்துச் சிகிச்சையை நிறுத்துகிறோம், அவர் இறக்கிறார், நம் கணிப்பு சரி என்று நினைத்துக்கொள்கிறோம். தவறு என்று நமக்குச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சுவதில்லை.

முறையான கணிப்பு இப்படி நடக்க வேண்டும். துடிப்பு திரும்பி 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மயக்க மருந்தின் தாக்கம் இல்லை என்பது உறுதியாக வேண்டும். அப்போதும் வலி தரும்போது கையை விலக்கிக்கொள்ளக்கூட முடியாத நிலையில் இருப்பவருக்கே அடுத்த கட்டம். அங்கே பார்ப்பவை: இரு கண்மணிகளும் வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் கருவிழியைத் தொட்டால் இமை மூடாமலும் இருப்பது, மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளைப் புறணியில் இரு பக்கமும் பதில் அலை வராதது, இஇஜியில் மிக மோசமான வகை மாற்றம், ரத்தத்தில் என்எஸ்இ என்ற புரதம் 48 அல்லது 72 மணி நேரத்தில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டுவது, முதல் 72 மணி நேரத்துக்குள் இடைவிடாத தசைத் துள்ளல், சிடி அல்லது எம்ஆர்ஐயில் மூளை முழுவதும் பரவிய சேதம். இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். ஒன்றே ஒன்றை வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஒத்துப்போகாவிட்டால் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு வாரம், அதற்கும் மேல் கழித்துக் கண் விழித்தவர்கள் இருக்கிறார்கள்.

கண்மணியைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். மங்கிப்போன டார்ச்சை விளக்கு வெளிச்சத்தில் அடித்துவிட்டு “அசைவில்லை” என்று எழுதிவிடுவது எளிது. அறை விளக்கை அணைத்து, பளிச்சென்ற டார்ச்சை அடித்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் சுருக்கம் தெரியலாம். கண்மணியின் சுருக்கத்தை எண்ணாக அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது.

இதுவும் மூளைச் சாவும் ஒன்றா?

ஒன்றல்ல. மூளைச் சாவு என்பது மூளைத்தண்டு உட்பட மூளையின் இயக்கம் அனைத்தும் நிரந்தரமாக நின்றது. அதற்கெனத் தனிச் சோதனைகள் உண்டு, வென்டிலேட்டரிலிருந்து எடுத்து மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது உட்பட. இதய நிறுத்தத்துக்குப் பிறகு 24 மணி நேரமாவது கழியாமல் அந்தச் சோதனைகளைத் தொடங்கக்கூடாது. கோமாவில் இருப்பவரைப் பேச்சுவாக்கில் மூளைச் சாவு என்று சொல்வது குடும்பத்துக்குச் செய்யும் பெரிய அநீதி. மூளைச் சாவு முறைப்படி உறுதியானால் உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்திடம் பேசலாம். இதய நிறுத்தத்துக்கு உள்ளானவர்களின் சிறுநீரகமும் கல்லீரலும் பிறருக்கு நன்றாகவே பயன்படுகின்றன.

குடும்பத்தினர் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

தயங்காமல் கேளுங்கள். இதயம் ஏன் நின்றது, காரணம் தெரிந்ததா? மயக்க மருந்து இப்போது ஓடுகிறதா, எப்போது நிறுத்தினீர்கள்? காய்ச்சல் இருக்கிறதா? இஇஜி எடுத்தாயிற்றா? மீள்வாரா என்பதை எந்த நாளில், எந்தச் சோதனைகளை வைத்துச் சொல்வீர்கள்? “இன்னும் தெரியவில்லை, மூன்று நாள் கழித்துப் பேசுவோம்” என்று சொல்லும் மருத்துவர் மழுப்புகிறார் என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் அதுவே நேர்மையான பதில். தினமும் ஒரே மருத்துவர், ஒரே நேரத்தில், உட்கார்ந்து பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வேளைக்கொரு டியூட்டி டாக்டர் வேளைக்கொரு கதை சொல்வதைப்போலக் குடும்பத்தை நொறுக்குவது வேறில்லை.

எங்கள் மருத்துவமனையில் பராமரிப்பை மேம்படுத்த எங்கே தொடங்குவது?

ஆஸ்லோவின் உல்லேவல் மருத்துவமனை செய்ததைப் பாருங்கள். 1996–1998 காலத்தில் அங்கே துடிப்பு திரும்பி அனுமதிக்கப்பட்டவர்களில் மூளை நல்ல நிலையில் மீண்டவர்கள் 26 சதவீதம். பிறகு ஆஞ்சியோகிராம், வெப்பம், ரத்த அழுத்தம், சர்க்கரை, சுவாசம், வலிப்பு என எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த ஒரே நெறிமுறையைக் கொண்டுவந்தார்கள். 2003–2005 காலத்தில் அந்த எண் 56 சதவீதம். முன்–பின் ஒப்பீடு என்பதால் வேறு மாற்றங்களும் பங்களித்திருக்கும். அவர்கள் அப்போது செய்த குளிர்வித்தலை இன்று அப்படியே செய்யமாட்டோம். இருந்தும் யார் டியூட்டியில் இருந்தாலும் நோயாளிக்கு ஒரே தரமான பராமரிப்பு கிடைத்தது என்பதே அங்கே வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு பக்க நெறிமுறை எழுதுங்கள். ஐசியூ மருத்துவர், இதய மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மூத்த செவிலியர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத வேண்டும். செவிலியர் இல்லாமல் எழுதிய நெறிமுறை அலமாரியிலேயே கிடக்கும். எந்த எண் தாண்டினால் செவிலியர் யாரையும் கேட்காமல் என்ன செய்யலாம் என்பது அதில் இருக்க வேண்டும்.

அடுத்து, அளவிடுங்கள். முதல் 36 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் வெப்பம் 37.5-ஐத் தாண்டியது? சராசரி அழுத்தம் எத்தனை முறை 60-க்குக் கீழே போனது? 72 மணி நேரத்துக்கு முன் எத்தனை பேருக்குச் சிகிச்சை நிறுத்தப்பட்டது, என்ன காரணம் எழுதியிருக்கிறது? வீடு திரும்பியவர்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறார்களா? இதய நிறுத்தத் தகவல்களைப் பதிவுசெய்ய உலகம் முழுக்க ஒரே வடிவம் இருக்கிறது. நார்வேயின் உட்ஸ்டைன் மடாலயத்தில் 1990-இல் கூடிய நிபுணர்கள் உருவாக்கியது, அந்த இடத்தின் பெயராலேயே வழங்குகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்தப் படிவத்தை நிரப்பத் தொடங்கினால் போதும்.

மூன்றாவது, ஷிப்ட் மாறும் நேரம். பகலில் எடுத்த முடிவுகள் இரவுக் குழுவிடம் போய்ச் சேராமல் போவது இந்தக் கைமாற்றத்தில்தான். இதயம் நின்ற நேரம், துடிப்பு திரும்பிய நேரம், 72 மணி நேரம் முடியும் நாளும் மணியும் – மூன்றையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

மாரடைப்பு தெளிவாகத் தெரிந்து, ஆஞ்சியோபிளாஸ்டி வசதி இல்லையென்றால் மாற்ற வேண்டும். மற்றவர்களுக்கு யோசிக்க வேண்டும். லண்டனில் 862 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸில் நேராகச் சிறப்பு மையத்துக்குப் போனவர்களிலும் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போனவர்களிலும் 30 நாள் இறப்பு ஒன்றேதான், 63 சதவீதம். அது நல்ல மருத்துவமனைகள் நெருக்கமாக உள்ள நகரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இஇஜி, நரம்பியல் கணிப்பு வசதிகள் எதுவுமே இல்லாத இடத்தில் நோயாளியைப் பல நாள் வைத்திருப்பது சரியல்ல. உடல்நிலையை நிலைப்படுத்திய பிறகு மாற்றுவதே பாதுகாப்பு.

வார்டில் படுத்திருக்கும்போதே இதயம் நிற்பவர்கள்?

அவர்களில் பலருக்கு மணிக்கணக்கில் முன்பே அறிகுறிகள் இருந்திருக்கும்: மூச்சு வேகம் கூடுவது, அழுத்தம் இறங்குவது, குழப்பமாகப் பேசுவது. இவற்றை மதிப்பெண்ணாக்கி எச்சரிக்கும் முறையை 2012-இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி வெளியிட்டது. விரைவு உதவிக் குழுக்கள் இருந்தாலே போதும் என்றில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் 23 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குழு இருந்தும் அழைப்பு தாமதமானால் பயனில்லை. நான் பார்த்தவரை வார்டில் மிக அலட்சியமாக எழுதப்படும் எண் மூச்சு வேகம்தான். ஒரு நிமிடம் முழுதாக எண்ணாமல் எல்லாருக்கும் 18, 20 என்று எழுதிவைப்பதை நிறுத்தினாலே பல நோயாளிகள் முன்கூட்டியே கண்ணில் படுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன?

மின் அதிர்ச்சி தேவைப்பட்ட வகையில் இதயம் நின்று, சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்காவிட்டால், துடிப்பு தடம் மாறினால் தானாக மின் அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியை நெஞ்சில் பொருத்துவது பற்றி டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். இளவயதினர் என்றால் பரம்பரை இதயக் கோளாறு இருக்கிறதா என்று உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நடக்கிறார், பேசுகிறார், எல்லாம் சரி என்று அனுப்பிவிடுகிறோம். பிழைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் ஏதோ ஒரு குறை இருக்கும். பெரும்பாலும் லேசானதுதான், ஆனால் வேலைக்குத் திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும். அதோடு தீராத அசதி, பதற்றம், மனச்சோர்வு. டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு முறை பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் மறுபடி வரவழைத்து, நினைவாற்றலுக்கும் மனநிலைக்கும் அசதிக்கும் தனித்தனியாகக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. அமெரிக்க இதய சங்கமும் 2020-இல் உயிர்காக்கும் சங்கிலியில் மீட்சியை ஆறாவது கண்ணியாகச் சேர்த்தது.

அந்தச் சந்திப்புக்கு வீட்டில் கூட இருப்பவரையும், முடிந்தால் அன்று சிபிஆர் செய்தவரையும் வரச்சொல்லுங்கள். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தான். நோயாளிக்கு அன்றைய நாள் நினைவிருக்காது. பார்த்தவர்களுக்கோ தூக்கம் வருவதில்லை, அவர் இரவில் மூச்சு விடுகிறாரா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசி, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள். எப்போது வண்டி ஓட்டலாம், தாம்பத்திய உறவு பாதுகாப்பா, ஐசிடி அதிர்ச்சி கொடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விகள் அவர்கள் மனதில் இருக்கும்; கேட்கக் கூச்சப்படுவார்கள். அவற்றுக்கான பதில்களை எழுதி, தொடர்பு எண்ணோடு கையில் கொடுத்து அனுப்புங்கள்.